தோட்டாக் கூட்டின் தரத்தைப் பளபளப்பு சொல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ரைஃபிள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் வெளிநாட்டு வீரர்கள் வெடிமருந்தை அடக்கும் பித்தளைக் கூடுகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்லும் பத்தியில் மட்டும் இரண்டு பிழைகள் நேர்ந்துவிட்டன. வாய்ப்பகுதியில் நீலம் பாய்ந்த கூடு ஏற்கெனவே சுடப்பட்ட பழையது என்பது ஒன்று. மங்கிய கூடுகளை வீட்டில் உள்ள பித்தளை பாலிஷ் கொண்டு துடைத்தால் போதும் என்பது மற்றொன்று. மும்பையில் 31 ஆண்டுகள் பித்தளைத் தகடுகளையும் அவற்றிலிருந்து அழுத்தி இழுத்த பொருள்களையும் பரிசோதித்தவன் என்ற முறையில், இவற்றைத் திருத்தாமல் இருக்க என்னால் இயலவில்லை.

தோட்டாக் கூட்டுக்கு எடுக்கும் பித்தளையில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் இருக்கும். காரீயம் 0.07 விழுக்காட்டையும் இரும்பு 0.05 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. குழாய்த் திருகுகளுக்கான கடைசல் பித்தளையில் சீவல் பொடிப்பொடியாக உதிர வேண்டும் என்பதற்காக 3 விழுக்காடு வரை காரீயத்தை வேண்டுமென்றே சேர்ப்பார்கள். அதே பித்தளையை ஆழமாக இழுத்தால் கிழிந்துபோகும். மும்பையின் பாத்திரக் கடைத்தெருவான தாம்பா காண்டாவில் குடத்தை விரலால் சுண்டி, எழும் ஓசையைக் கேட்டு வாங்குவது நம்மவர் வழக்கம். குடத்துக்கு அது போதும், கூட்டுக்குப் போதாது.

முதலில் அந்த நீலத்தை எடுத்துக்கொள்கிறேன். வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைப் பல கட்டங்களில் இழுத்து நீட்டித்தான் கூடு செய்கிறார்கள். இழுக்க இழுக்கப் பித்தளை இறுகும் என்பதால், இடையிடையே சூடேற்றி இளக்குவார்கள். பட்டறையில் இதை அனீலிங் என்போம். வேலை முடியும்போது அடிப்பகுதி இறுக்கமாகவும், கழுத்து ஏறத்தாழ அதில் பாதிக் கடினத்தோடு இளக்கமாகவும் இருக்க வேண்டும். ரைஃபிள் வெடிக்கும் கணத்தில், தோட்டா அமரும் அறைக்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 4,000 மடங்கைத் தொடக்கூடியது. அப்போது அடிப்பகுதி விரியாமல் தாங்க வேண்டும், கழுத்தோ உடனே விரிந்து அறைச் சுவரை அடைத்து, பின் சற்றே சுருங்கி விலக வேண்டும். கழுத்துக்குக் கடைசியாகக் காட்டிய தீயின் தடம்தான் அந்த நீலம். படைகளுக்கான கூடுகளில் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கடைக்கு வரும் பல கூடுகளில் மெருகேற்றி அழித்துவிடுகிறார்கள். ஆகவே, நீலம் இருந்தால் கழுத்து தீ கண்டிருக்கிறது என்று அறியலாம், இல்லாவிட்டால் அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தச் சூடு அடிப்பகுதி வரை இறங்கி அதையும் இளக்கியிருந்தால் மட்டுமே கூடு ஆபத்தானது.

தரத்தை அறிய விரும்புபவர் கழுத்தின் சுவர்த் தடிப்பை அளக்கட்டும். ஒரு முனை உருண்டையாக உள்ள மைக்ரோமீட்டரைக் கழுத்துக்குள் வைத்துக் கூட்டை மெல்லச் சுழற்றும்போது, அளவு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஊசலாடினால் அதை ஒதுக்கிவிடுவது நல்லது. தொடக்கக் கிண்ணம் ஒருபுறம் தடித்திருந்தால் அந்தக் கோணல் கூட்டின் உடல் முழுவதும் இறங்கியிருக்கும். கழுத்தை மட்டும் சீவிச் சமன் செய்வதால் அது தீராது. எடை பார்த்துப் பிரிப்பதைப் பலர் நம்புகிறார்கள். ஆனால் அடிவிளிம்புப் பள்ளத்தில் கூடுதலாக ஒட்டியிருக்கும் உலோகம் எடையை மாற்றுமே தவிர உள்கொள்ளளவை மாற்றாது என்பதால், தண்ணீர் நிரப்பி அளப்பதே நேர்மையான வழி. ஏற்கெனவே சுட்ட கூடாக இருந்தால், அடிக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நுனி வளைத்த கம்பியால் உள்ளே தடவும்போது அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால், சுவர் மெலிந்து கூடு இரண்டாகப் பிரியும் நிலையில் இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது பிழைதான் என்னை எழுத வைத்தது. பித்தளை பாலிஷ் பலவற்றில் அம்மோனியா கலந்திருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. பருவத்தோடு வந்ததால் ஆங்கிலேயர் அதைப் பருவ வெடிப்பு என்றார்கள். இழுத்த பித்தளைக்குள் தங்கிவிட்ட தகைவும் (உள்ளே அடைபட்டுக் கிடக்கும் விசை), ஈரமும், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்பதை 1921இல் மூர் என்பவரும் அவருடைய சகாக்களும் விளக்கினார்கள். நான் அதைக் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். ஓர் ஆனி மாதம், விளக்கு பல்புகளுக்கான பித்தளை மூடிகள் எங்கள் பரிசோதனையில் தேறி, புறநகர்க் கிடங்கு ஒன்றுக்குப் போயின. கிடங்கின் பின்சுவருக்கு அப்பால் எருமைத் தொழுவம் (மும்பையில் தபேலா என்பார்கள்). ஆவணியில் பெட்டிகளைத் திறந்தபோது மூடிகள் மின்னிக்கொண்டுதான் இருந்தன. விரல் நகத்தை ஓட்டினால் மட்டும் நெடுக்கில் தலைமுடி போன்ற கீறல் தட்டியது. அன்று மெர்க்குரஸ் நைட்ரேட் கரைசலில் முப்பது நிமிடம் அமிழ்த்திப் பார்க்கும் சோதனையை நாங்கள் செய்யாமல் விட்டிருந்தோம். செய்திருந்தால் உள்ளே தகைவு இருப்பது அப்போதே தெரிந்திருக்கும். குறைந்த சூட்டில் சிறிது நேரம் வைத்து அந்தத் தகைவைத் தணித்தும் இருக்கலாம்.

ஒவ்வொரு முறை சுட்டு மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும்போதும் கூட்டுக்குள் தகைவு புதிதாக ஏறுகிறது. அத்தகைய கூட்டில் அம்மோனியா பாலிஷைத் தேய்ப்பது விரிசலை வலியப் போய் அழைப்பதாகும். குத்துவிளக்குக்கு நாம் புளி போடுவதைப் போல மென்மையான சிட்ரிக் அமிலக் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி உலர்த்தினால் போதும்; அதிக நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து ரோஜா நிறத் திட்டுகள் தோன்றும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதையும் கட்டுரை குறிப்பிடவில்லை. இதையும், பாலிஷ் பற்றிய திருத்தத்தையும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகப் பரிசோதகர்,
செம்பூர், மும்பை.