சித்தப்பா, அது வீடா வண்டியா என்று கேட்டீர்களே

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "வண்டியிலேயே சமைச்சு வண்டியிலேயே தூங்குனீங்களாம், அது வீடா வண்டியா கண்ணு?" என்றீர்கள், நான் ஏதோ சிரித்து மழுப்பினேன், அதற்குள் லைன் போய்விட்டது. வாட்ஸ்ஆப்பில் ரெண்டு வரிக்கு மேல் வந்தால் நீங்கள் படிக்க மாட்டீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். தங்கச்சி சாயங்காலம் படித்துக் காட்டட்டும். ஊரில் மற்றவர்களும் படிப்பார்கள், பரவாயில்லை, உங்களைப் பற்றி நல்லதாகத்தான் வரும்.

சரி, இங்கே அமெரிக்காவில் எரிமலைகளைப் பார்க்கப் போக நாங்கள் வாடகைக்கு எடுத்த வண்டி. 25 அடி நீளம், 11 அடி உயரம். முன்பக்கம் ஃபோர்டு இ-450, எட்டு சிலிண்டர், 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எல்லாம் சேர்த்து ஆறரை டன் வரைக்கும் போகலாம். அந்த சேஸிஸ் மேல் ஒரு பெட்டியைக் கட்டி அதற்குள் கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், ஒரு ஆள் நின்று குளிக்க ஒரு மூலை. நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறைக்காரர் யாராவது அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தால் சிரித்துவிடுவார், அவ்வளவு மெலிசு. மைலேஜ் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூட வரவில்லை. உங்கள் லோடு லாரி கணக்குதான், ஆனால் இது குடிப்பது பெட்ரோல்.

இப்போது சொல்வதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். இதை ஓட்ட ஹெவி லைசென்ஸ் வேண்டாம், கார் லைசென்ஸ் போதும். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் அரை மணி நேரம் ஒரு வீடியோ காட்டி, கையெழுத்து வாங்கி, சாவியை நீட்டிவிட்டார்கள். உங்களை மூன்று வருஷம் கிளீனராக வைத்திருந்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடவிட்டார்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அரை மணி நேரம்.

அந்த வீடியோவில் கழிவுத் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்று விலாவாரியாக இருந்தது. மலையில் எப்படி இறங்குவது என்று ஒரு வார்த்தை இல்லை.

முதலில் போனது செயின்ட் ஹெலன்ஸ் என்கிற எரிமலை. போர்ட்லண்டிலிருந்து வடக்கே போய், நெடுஞ்சாலையை விட்டு 504 என்கிற மலைச் சாலையில் திரும்ப வேண்டும். ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை, எஞ்சின் உறுமிக்கொண்டே ஏறியது, பிள்ளைகள் பின்னால் சீட்டாடிக்கொண்டு வந்தார்கள், பாத்திரங்கள் எல்லாம் கடகடவென்று ஆடியதுதான் தொல்லை. மேலே போனபிறகு சாலை ஒரு ஏரியை நோக்கி இறங்குகிறது. நான் கார் ஓட்டுகிற மாதிரியே பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கினேன். வளைவு, பிரேக், வளைவு, பிரேக். பாதி இறக்கத்தில் ஒரு வாடை வந்தது. உங்கள் மருமகள் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று நினைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வயதில் கோடை லீவில் உங்களோடு கேபினில் உட்கார்ந்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, முன்னால் போன வண்டியின் டிரம்மிலிருந்து வந்த அதே வாடை. "டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல உருட்டுறான் பாரு, அவன் எமனைக் கிளீனரா வெச்சிருக்கான்" என்று நீங்கள் சொன்னதும் ஞாபகம் வந்தது. அப்புறம் சொன்னீர்கள், எந்த கியரில் ஏறுவியோ அந்த கியரில் இறங்கு என்று. முப்பது வருஷம் கழித்து, கால் மிதியில் அமுங்கிப் போகிற நேரத்தில்தான் அது எனக்குப் புத்திக்கு எட்டியது.

எப்படியோ ஏரிக்கரைக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். ஒரு மணி நேரம் வண்டியைத் தொடவில்லை, பிரேக் ஆறட்டும் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அந்த ஏரியின் பெயர் கோல்டுவாட்டர். அங்கே இருந்த பலகையைப் பெரியவள் படித்துச் சொன்னாள்: 1980க்கு முன்னால் இந்த ஏரியே கிடையாது. நீங்கள் கிளீனராகச் சேர்ந்த வருஷம், சித்தப்பா. உங்கள் சர்வீஸும் இந்த ஏரியும் ஒரே வயசு.

நடந்தது இதுதான். அந்த வருஷம் மார்ச்சிலிருந்தே மலை குலுங்கிக்கொண்டிருந்தது, உள்ளே தீக்குழம்பு ஏறி வடக்குப் பக்கம் வயிறு மாதிரி உப்பிக்கொண்டே வந்தது. மே 18, ஞாயிற்றுக்கிழமை, காலை 8.32க்கு ஒரு நிலநடுக்கம், உப்பிய பக்கம் மொத்தமாகச் சரிந்தது. மனிதர்கள் பதிவு செய்து வைத்ததிலேயே பெரிய நிலச்சரிவு அதுதான். பக்கம் சரிந்ததும் உள்ளே அடைபட்டிருந்தது வெளியே வந்தது, மேலே அல்ல, பக்கவாட்டில். சூடான பிரஷர் குக்கரின் மூடியைப் பக்கத்திலிருந்து யாரோ பிடுங்கிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை 1,300 அடி குட்டையாகிவிட்டது. 57 பேர் செத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மரம் வெட்டும் ஆட்கள் காட்டில் இல்லை, வேலை நாளாக இருந்தால் கணக்கு எங்கோ போயிருக்கும். சரிந்த மண் ஒரு ஓடையை அடைத்து நிற்க, தண்ணீர் தேங்கி, நாங்கள் காலை நனைத்துக்கொண்டிருந்த ஏரி வந்தது.

ரெண்டு பேரைப் பற்றி அங்கே போகிறவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். ஒருவர் ஹாரி ட்ரூமன், 83 வயது, ஸ்பிரிட் ஏரிக்கரையில் விடுதி நடத்தியவர். போலீஸ் வந்து கிளம்பச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டார், பதினாறு பூனைகளோடு அங்கேயே புதைந்து போனார். இங்கே அவரை ஒரு வீரர் மாதிரி பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கிணறு வற்றின பிறகும் தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த நம் தாத்தா ஞாபகம்தான் வந்தது. இன்னொருவர் டேவிட் ஜான்ஸ்டன், முப்பது வயது, எரிமலை ஆய்வாளர். பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் தனியாக உட்கார்ந்து மலையைக் கண்காணித்தவர், ரேடியோவில் "வான்கூவர், வான்கூவர், இதுதான் அது" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். வான்கூவர் என்பது இங்கே அவர்கள் அலுவலகம் இருந்த ஊர். அவர் நின்ற மேட்டுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் போகும் சாலை 2023இல் ஒரு மண்சரிவில் பாலம் அடித்துப் போனதால் மூடிக் கிடக்கிறது, நாங்கள் போகவில்லை. அந்தப் பக்கத்து மண் இன்னும் சரிந்து முடிக்கவில்லை போலிருக்கிறது.

திரும்பும்போது கியர் தண்டின் நுனியில் ஒரு பொத்தான் இருப்பதைப் பார்த்தேன். அதை அழுத்தினால் வண்டி இறக்கத்தில் தானாகவே கீழ் கியருக்கு வந்து எஞ்சினால் இழுத்துப் பிடிக்கும். வாடகைக்காரர்கள் இதை அல்லவா வீடியோவில் காட்டியிருக்க வேண்டும்.

அங்கிருந்து தெற்கே. பெண்ட் என்ற ஊர்ப்பக்கம் நியூபெரி என்று ஒரு எரிமலை, ஒரு மலைச்சரிவு முழுக்கக் கறுப்புக் கண்ணாடிக் கல், வெயிலில் பளபளவென்று. சின்னவன் ஒன்றைப் பைக்குள் போட்டான், எடுத்துத் திரும்ப வைக்கச் சொன்னேன், அங்கே எடுக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அழுகை.

அப்புறம் கிரேட்டர் ஏரி. இதைப் பற்றி மட்டும் ஒரு கடிதம் எழுதலாம். 7,700 வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெரிய மலை இருந்தது, வெடித்து உள்ளே இருந்ததெல்லாம் காலியானதும் மலை தன் வயிற்றுக்குள்ளேயே இடிந்து விழுந்துவிட்டது. அந்தக் குழியில் மழையும் பனியும் சேர்ந்து நிறைந்ததுதான் ஏரி. ஆறு எதுவும் உள்ளே வருவதில்லை, வெளியேயும் போவதில்லை. ஆழம் 1,943 அடி. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து வைத்த மாதிரி. உங்கள் மருமகள் ரொம்ப நேரம் பேசவே இல்லை, அதுவே ஒரு அதிசயம். கிளாமத் பழங்குடிகளிடம் கீழுலகத் தலைவனும் மேலுலகத் தலைவனும் சண்டை போட்டு இந்த மலை இடிந்தது என்று கதை உண்டு. கதைதானே என்று விடவும் முடியாது. ஓரகன் மாநிலத்தில் இந்த மலையின் சாம்பலுக்கு அடியில் புதர்ச்செடியின் பட்டையில் பின்னிய செருப்புகள் கிடைத்திருக்கின்றன, அப்படியென்றால் வெடித்தபோது பார்க்க ஆள் இருந்திருக்கிறார்கள்.

ராத்திரி தங்கியது அதற்குக் கீழே, ஆறாயிரம் அடியில். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், சட்டியில் சோறு வைத்தால் கொதிக்கும் ஆனால் சீக்கிரம் வேகாது. குக்கர் எதற்கு, இடத்தை அடைக்கிறது என்று கிளம்பும்போது நான்தான் சண்டை போட்டேன். மூன்று விசில் வந்தபோது பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் தயிர் போச்சு. இந்த வண்டியின் ஃபிரிட்ஜ் கேஸ் நெருப்பில் ஓடுகிறது, நெருப்பு வைத்துக் குளிர வைக்கிறார்கள்! உள்ளே அமோனியாவைச் சூடாக்கி, அது ஆவியாகி, மறுபடி திரவமாகித் தன் எடையில் கீழே ஓடி வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் நின்றுவிடும். நான் சரிவில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பால், தயிர், மாவு எல்லாம் வெதுவெதுவென்று இருந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, டம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்த பிறகுதான் காப்பியே.

கக்கூஸ் விஷயம் கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டால் விட்டுவிடுகிறேன். கையுறை போட்டுக்கொண்டு, குழாயை மாட்டி, முதலில் கக்கூஸ் தொட்டி, அப்புறம் பாத்திரம் கழுவின தண்ணீர்த் தொட்டி, அப்போதுதான் குழாய் கழுவப்படும். மாற்றிச் செய்த ஒருவரைப் பார்த்தேன். போதும்.

கடைசியாக லாசென். கலிபோர்னியாவில். 1914 முதல் 1917 வரை வெடித்த மலை, சாலை 8,512 அடி வரை ஏறுகிறது. அங்கே ஒரு பள்ளத்தாக்கில் சேறு கொதிக்கிறது, அழுகின முட்டை நாற்றம், பெயர் பம்பஸ் ஹெல். பம்பஸ் என்பவர் தரையின் மேலோடு உடைந்து கால் உள்ளே போய், வெந்து, கடைசியில் அந்தக் காலையே இழந்தார், அதனால் அந்தப் பெயர். மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காதே என்று சின்னவனிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கதையைக் கேட்டதும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தான். வழியெல்லாம் கரிக்கட்டையாக நிற்கிற காடு, 2021 தீயில் அந்தப் பூங்காவில் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில் சிஸ்கியூ கணவாய். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். 4,310 அடி, ஓரகனுக்குள் சுமார் பத்து கிலோமீட்டர் இறக்கம், நூறு அடிக்கு ஆறு அடி. பிரேக் போன லாரி ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைக்கல் கொட்டிய பாதை வெட்டி வைத்திருக்கிறார்கள், தொப்பூரில் அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். உச்சியிலேயே பொத்தானை அழுத்தி, கீழ் கியருக்குக் கொண்டுவந்து, பெரிய லாரிகளுக்குப் பின்னால் ஓரத்தில் போனேன். எஞ்சின் கத்தியது. வண்டி ஏதோ உடைகிறது என்று பிள்ளைகள் பயந்தார்கள், "கத்தட்டும், எஞ்சின் கத்துனா நல்லது, பிரேக் கத்துனாத்தான் கெட்டது" என்றேன். அது உங்கள் வசனம். கீழே ஆஷ்லண்ட் வரும்வரை பிரேக்கைத் தொட்டது மொத்தம் அஞ்சாறு தரம்தான் இருக்கும். இறங்கி டயர்ப் பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. அப்போதே உங்களுக்கு போன் போட நினைத்தேன், ஊரில் நடுராத்திரி.

கேள்விக்குப் பதில்: ஓட்டும்போது வண்டி, லாரியேதான். நிறுத்தி மட்டம் பார்த்த பிறகு வீடு. ரெண்டுக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் பங்கில் திரும்பும்போது, முன்பக்கம் போய்விட்டது என்று நினைத்து ஒடித்தேன், பின்பக்கம் வெளியே வீசி ஒரு மஞ்சள் கம்பத்தில் உரசிவிட்டது. ரெண்டு அடி நீளக் கீறல். நீங்கள் இருந்திருந்தால் இறங்கிப்போய்க் கையைக் காட்டியிருப்பீர்கள், எனக்கு இருந்த கிளீனருக்கு எட்டு வயது, அவன் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான். அதற்கு எவ்வளவு பிடித்துக்கொண்டார்கள் என்பதை உங்களிடம் மட்டும் போனில் சொல்கிறேன். அப்பா கேட்டால், வண்டியில் ஒரு கீறல் கூட விழவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள்
அண்ணன் மகன்