சேவைக்குப் போன இடத்தில் ஊர் பார்க்கக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கப்பலில் தன்னார்வலராக வேலை பார்க்கப் போனவர்கள், கரையில் நின்று எடுத்த ஒரு படத்தைப் போட்டுவிட்டால் போதும், "சேவைக்குப் போனீங்களா, சுற்றுலா போனீங்களா?" என்று கேட்டுவிடுகிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். கேட்டவர்கள் நான் மதிக்கிறவர்கள் என்பதால் கொஞ்சம் வலித்தது. இரண்டுக்கும்தான் போனேன் என்றேன். அந்தப் பதிலில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். அதன் காரணத்தை உங்கள் வாசகர்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் இருந்த இடம் மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுன். அங்கே துறைமுகத்தில் நின்றிருந்த 'குளோபல் மெர்சி' மருத்துவமனைக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். மெர்சி ஷிப்ஸ் என்ற தொண்டு அமைப்பின் கப்பல் அது. 174 மீட்டர் நீளம், உள்ளே 6 அறுவை அரங்குகள். முகத்தில் வளர்ந்த கட்டி, உதட்டுப் பிளவு, கண்புரை, வளைந்த கால் என்று வருகிறவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். டாக்டர், நர்ஸ் மட்டுமல்ல, சமையலறை, சலவை, இன்ஜின் அறை என்று எங்கு பார்த்தாலும் தன்னார்வலர்கள். நோயாளிக்கு ரத்தம் தேவைப்பட்டால் கப்பலில் இருக்கிறவர்களில் பொருந்துகிறவரை அழைப்பார்கள். வேலையை நிறுத்திவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஆனால் கப்பலுக்குள் ஒரு ஆபத்து இருக்கிறது. அங்கே எல்லாமே கிடைத்துவிடும். ஏசி, சாப்பாடு, படுக்கை, பேச்சுத்துணை எதற்கும் குறைவில்லை. துறைமுக வாசலைத் தாண்டாமலே மாதக்கணக்கில் இருந்துவிடலாம். அப்படி இருந்தால் வார்டில் படுத்திருப்பவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், எதை இழந்துவிட்டு வந்தார் என்று எதுவுமே தெரியாது. அதனால்தான் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஊருக்குள் போனேன்.

கப்பல் நின்ற கிளைன் டவுனிலேயே தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய ரயில்கள்; 1974ல் சேவையையே மூடிவிட்டார்கள். 1961ல் எலிசபெத் ராணி வந்தபோது அவருக்காகக் கட்டிய பெட்டி இன்னும் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் வீடிழந்தவர்கள் தஞ்சம் புகுந்திருந்த பழைய பணிமனை அது. போர் முடிந்தபின் துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, 2005ல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். எங்களுக்குச் சுற்றிக்காட்டிய இளைஞர் ஒவ்வொரு நீராவி இன்ஜினையும் தட்டித் தட்டிக் காட்டிப் பேசினார். இயந்திரங்களோடு காலம் கழித்த எனக்கு அந்தப் பெருமை நன்றாகப் புரிந்தது.

அப்புறம் கன்னாட் மருத்துவமனை. அதன் வளாகத்தில் 'கிங்ஸ் யார்டு' என்ற பழைய கல் வாசல் நிற்கிறது. 1807ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தபின், அதன் கடற்படை அடிமைக் கப்பல்களைப் பிடித்து, அதிலிருந்தவர்களை ஃப்ரீடவுனில் இறக்கியது. அவர்களை முதலில் கொண்டுவந்து நிறுத்திய முற்றத்தின் வாசல்தான் அது. இப்படி 1822ல் கரையேறிய சிறுவர்களில் ஒருவர் சாமுவேல் அஜாயி குரோதர். 1827ல் தொடங்கிய ஃபூரா பே கல்லூரியில் முதல் மாணவராகச் சேர்ந்தார்; 1864ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனார். வாசலுக்கு வெளியே ஒரு பெண் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். மேல்தோலை மட்டும் பிளேடால் மெல்லியதாகச் சீவி, வெள்ளைத் தோலை அப்படியே விட்டு, தலைப்பகுதியை வெட்டிக் கையில் கொடுப்பார்கள். அதை அழுத்தி உறிஞ்சிக்கொண்டே அந்த வாசலைப் பார்த்து வெகுநேரம் நின்றேன். மருந்துச் சீட்டோடு ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

தமிழ் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டியவர் பாலா அமரசேகரன். இலங்கையில் பிறந்து, சியரா லியோனில் கணக்காளராக இருந்தவர். 1988ல் ஒரு கிராமத்தில் சாகக் கிடந்த சிம்பன்சிக் குட்டியைக் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றினார். புரூனோ என்று பெயர். அதில் தொடங்கி 1995ல் டகுகாமா சிம்பன்சி சரணாலயத்தை உருவாக்கினார். 2019ல் சிம்பன்சியை அந்த நாடு தேசிய விலங்காகவே அறிவித்தது. நகரத்துக்கு மேலே மலைக்காட்டில் இருக்கிறது சரணாலயம். சுற்றிலும் காடு வெட்டப்படுவதைக் கண்டித்து 2025 மே மாதம் பார்வையாளர்களை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே நான் போய்வந்தேன்.

அங்கே போகிற வழியில் ரீஜென்ட். 2017 ஆகஸ்டில் மலை சரிந்து, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த பகுதி. சரிவில் சிவந்த மண் வெட்டுக்காயம்போலத் தெரிகிறது. சில நாள் கழித்து வார்டில் காலுக்கு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பையனோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்று கேட்டேன். அவன் அம்மா "ரீஜென்ட்" என்றார். "அந்த மலையைப் பார்த்தேன்மா" என்றேன், அங்கே மக்கள் பேசும் கிரியோ மொழியில், எனக்குத் தெரிந்த அரைகுறையாக. சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மழைநாள் காலையில் யார் யாரைத் தேடி அலைந்தார் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஊரைப் பார்க்காதவனாக இருந்திருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டைப் போட்டிருப்பேன்.

படம் எடுப்பதில் எனக்கும் கறாரான கருத்து உண்டு. வறுமையைப் படம் பிடித்துப் பகிர்வது அநாகரிகம். கேட்காமல் யார் முகத்தையும் எடுக்கக் கூடாது. மற்றபடி ஊர் பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை. ரிவர் நம்பர் டூ கடற்கரையைக் கிராமத்து மக்களே சங்கம் வைத்து நடத்துகிறார்கள். நாம் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் அவர்களுக்குத்தான் போகிறது.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ஃப்ரீடவுனுக்கும் ஒரு வாரம் இடம் கொடுங்கள். அந்த நாட்டைப் பற்றி நான் இதுவரை தமிழில் படித்ததெல்லாம் போரும் எபோலாவும்தான். அமரசேகரனைப் பேட்டி கண்டு வெளியிட்டால் இன்னும் நல்லது. கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் முதல் விடுமுறையிலேயே ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட வேண்டும். துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்