மாவுக்கட்டுக்குக் கைதட்டுகிறவர்கள்: காவிரிப் படுகைப் பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய பங்குத்தந்தையரே, போதக ஐயாமாரே, பங்குப் பேரவை, சபைக் கமிட்டி உறுப்பினர்களே,

வணக்கமும் ஸ்தோத்திரமும்.

தவக்காலம் பிறந்தால் கொள்ளிடக் கரையிலிருந்து வேதாரண்யம் வரை நம் கோயில்களில் ஒரே மாதிரிப் பிரசங்கம்தான். ‘கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்பது யூதர் சட்டம், பழிவாங்கும் சட்டம்; ஆண்டவர் வந்து அதை எடுத்துவிட்டு மன்னிப்பைக் கொடுத்தார்.’ தலையாட்டிவிட்டு வெளியே வந்து போனைத் திறந்தால், பங்கு வாட்ஸ்அப் குழுவில் மாவுக்கட்டுப் போட்ட இரண்டு பையன்களின் படம். போலீசைக் கண்டு ஓடும்போது பாலத்திலிருந்து விழுந்து கை முறிந்ததாம். தமிழ்நாட்டுப் பாலங்களும் காவல் நிலையக் கழிவறைகளும் எப்படித்தான் ஆள் பார்த்து வழுக்குகின்றனவோ! படத்துக்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். அன்பியத் தலைவர் தட்டியிருக்கிறார், பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் தட்டியிருக்கிறார், மறைக்கல்வி ஆசிரியை ‘கரெக்ட்’ என்று எழுதியிருக்கிறார்.

நீங்களும் அந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள், சாமி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்த யூதர் சட்டம். யூதர் ஒருவரைக்கூடப் பார்க்காமலே ஆயுள் முடிகிற ஊர்கள் நம்முடையவை. ஜெபக்கூடம் பார்க்கவேண்டுமென்றால் கொச்சிக்கு ரயிலேற வேண்டும். பார்க்காதவர்களைப் பற்றி எதையும் சொல்லலாம் என்றாகிவிட்டது. இயேசு காலத்து யூத சமயப் பிரிவு ஒன்றின் பெயரான ‘பரிசேயன்’ என்பதை வசவாகவே பழகிவிட்டோம். அந்தப் பரிசேயர் வழியில் வந்த ரபிகள், அதாவது யூத வேத அறிஞர்கள், ‘கண்ணுக்குக் கண்’ வசனத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில், அடுத்தவன் கண்ணைக் கெடுத்தவனின் கண்ணைப் பிடுங்கு என்று இல்லை. ஐந்து கணக்கில் பணம் கொடு என்று இருக்கிறது: உறுப்பு போனதற்கு, வலிக்கு, வைத்தியத்துக்கு, வேலை கெட்டதற்கு, பட்ட அவமானத்துக்கு. அவமானத்துக்கும் தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மிஷ்னாவை விவாதிக்கும், பின்னால் வந்த தல்மூத் என்ற நூல் இதை விடாமல் கிளறுகிறது. பார்வையில்லாத ஒருவன் இன்னொருவன் பார்வையைப் பறித்தால் எந்தக் கண்ணைப் பிடுங்குவது? பிடுங்கும்போது ஆளே செத்துப்போனால், கண்ணுக்குக் கண்ணோடு உயிரையும் அல்லவா வாங்கியதாகும்? ஆகவே பணம்தான் என்று முடிக்கிறார்கள்.

உயிர்த்தண்டனை என்றால் அவர்களுக்கு இன்னும் கை நடுங்கியது. அந்த வழக்கைக் கேட்க 23 நீதிபதிகள். விடுவிக்க ஒரு வாக்கு அதிகம் இருந்தால் போதும், தண்டிக்க இரண்டு அதிகம் வேண்டும். விடுதலை என்றால் அன்றைக்கே சொல்லலாம். தண்டனை என்றால் ஓர் இரவு பொறுத்து மறுநாள்தான். கண்ணால் கண்ட சாட்சி இருவர் வேண்டும், குற்றம் செய்யுமுன்பே செய்தவனை எச்சரித்தும் இருக்கவேண்டும். அத்தனை நீதிபதிகளும் ஒரே குரலில் ‘குற்றவாளி’ என்றால் ஆளை விட்டுவிடு என்றுகூட ஒரு கருத்து உண்டு. குற்றம் செய்தவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாலும் அதை வைத்துத் தண்டிக்கக் கூடாது. நம் நாட்டுச் சட்டத்திலும் போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாக்க முடியாது; பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 23. எழுத்தில் இருக்கிறது, லாக்கப்பில் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தபோது தமிழ்நாடே கொதித்தது. அந்தச் சூடு மாவுக்கட்டுப் படம் வந்தால் மட்டும் எங்கே போய்விடுகிறது?

ஏழு ஆண்டுக்கு ஒருவரைக் கொல்லும் தலைமைச் சங்கத்தை, அதாவது யூதரின் உச்ச நீதிமன்றத்தை, ‘நாசகாரச் சங்கம்’ என்பார்கள் என்கிறது மிஷ்னா. எழுபது ஆண்டுக்கு ஒருவர் என்றாலே அப்படித்தான் என்கிறார் ஒரு ரபி. நாங்கள் அந்தச் சங்கத்தில் இருந்திருந்தால் ஒருவருமே கொல்லப்பட்டிருக்கமாட்டார் என்கிறார்கள் தர்போன், அகிவா என்ற இரண்டு ரபிகள். உடனே சிமியோன் பென் கமாலியேல் என்ற இன்னொரு ரபி குறுக்கிடுகிறார்: அப்படியென்றால் நாட்டில் கொலைகாரர்களைப் பெருக்கியிருப்பீர்கள்! அந்தச் சண்டையைத் தீர்க்காமல் அப்படியே பக்கத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். எல்லாம் பாலும் தேனும் என்று நான் சொல்லவில்லை. சாட்சி போதாத கொலைகாரனை அறையில் அடைத்து, வயிறு வெடிக்கும்வரை வாற்கோதுமை கொடுக்கச் சொல்லும் விதியும் அதே மிஷ்னாவில்தான் இருக்கிறது. இந்த விவாதங்களில் பெரும்பகுதி, உயிர்த்தண்டனை கொடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லாத காலத்தில் நடந்தது என்பதும் உண்மை. ஆனாலும் பிரசங்கத்தில் நீங்கள் காட்டும் அந்தப் பழிவெறி பிடித்த யூதரை இந்த ஏடுகளில் தேடினால் கிடைக்கமாட்டார்.

பழிக்குப் பழியைத் தேடி எருசலேம் வரை போவானேன்? திருவாரூர்க் கல்தேரைக் காட்டித்தானே நமக்குச் சோறூட்டினார்கள். கன்றுக்குப் பதில் மகன். அந்தக் கதையிலும், இளவரசன்மேல் தேரேற்ற மனம் வராத மந்திரி தன் உயிரையே விட்டுவிடுகிறான்; அதற்கப்புறம்தான் மன்னனே தேரேறுகிறான், கடைசியில் ஈசன் எல்லாரையும் எழுப்பிக் கொடுக்கிறார். ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறோம். மனுநீதிச் சோழன் தேர்க்காலில் இட்டது தன் பிள்ளையை. நாம் கைதட்டுவது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு.

இனி நம் வீட்டுக் கணக்கு. 412 வாக்கில் வட ஆப்பிரிக்காவில் ஒரு கும்பல் ஒரு குருவைக் கொன்றது. இன்னொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலை வெட்டியது. பிடிபட்டவர்களுக்கு அதையே திருப்பிச் செய்யவேண்டாம் என்று புனித அகுஸ்தீன் அதிகாரி மார்செல்லினுக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சினார். அந்தக் கடிதத்தைப் பிரசங்கத்தில் வாசித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் நம் சரித்திரம் அந்தக் கடிதத்தோடு நிற்கவில்லை. 1560ல் போர்ச்சுக்கீசியர் ஆண்ட கோவாவில், மத விரோதம் என்று ஆட்களைப் பிடித்துத் தண்டிக்கும் திருச்சபை விசாரணை மன்றம் வந்தது. மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் தங்கை கத்தரீனாவை, இரகசியமாக யூத மதத்தைக் கடைப்பிடித்தாள் என்று 1569ல் எரித்தார்கள். 1580ல் அந்த மருத்துவரின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். கண்ணுக்குக் கண் கேட்டவர்கள் அங்கே யூதர்களா? அதே போர்ச்சுக்கீசியர்தான் 1658 வரை நம் நாகப்பட்டினத்திலும் இருந்தார்கள். போதக ஐயாமார் இது கத்தோலிக்கர் கதை என்று நிம்மதியாக இருக்கவேண்டாம். கடையில் ஐந்து ஷில்லிங் சரக்கைத் திருடினால் தூக்கு என்ற சட்டத்தை எடுக்க 1810ல் இங்கிலாந்தில் மசோதா வந்தபோது, பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்து வாக்களித்தவர்களில் கேன்டர்பரி பேராயரும் இருந்தார். தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்கையே டேனிஷ் தளபதி கோட்டைக்குள் நான்கு மாதம் போல அடைத்துவைத்தான். அடைத்தவனும் கிறிஸ்தவன், உள்ளே கிடந்தவரும் கிறிஸ்தவர். வத்திக்கான் தன் சட்டத்திலிருந்து மரண தண்டனையை எடுத்ததே 1969ல்தான். அது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல என்று கத்தோலிக்கப் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியது 2018ல், திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில். இஸ்ரேல் கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையை 1954லேயே எடுத்துவிட்டது.

போனது போகட்டும். நான் பேச வந்தது நம் வயற்காட்டு விஷயம்.

எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயி குறுவைக்கு நாற்று விட்டிருந்தார். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேருமுன் போர்செட்டை நம்பி விட்ட நாற்றங்கால். ஒரு ராத்திரியில் மோட்டார் கேபிளை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக்காக ரப்பர் உறையை எரித்த கருஞ்சாம்பல் வாய்க்கால் மதகடியில் கிடந்தது. பழைய இரும்புக் கடையில் என்ன பெரிதாகக் கிடைத்திருக்கும்? புது கேபிள், டீசல் இன்ஜின் வாடகை, ஸ்டேஷனுக்கு அலைந்ததில் போன கூலி, பழுத்துப்போன நாற்று. பையன் பிடிபட்டான். நம் கோயில் பையன்தான். ரிமாண்டு, பிறகு ஜாமீன், வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. விவசாயி என்னிடம் கேட்டார்: “அவன உள்ள வெச்சா எனக்கு ஒயர் வந்துருமா சார்?”

மோசேயின் சட்டம் இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. யாத்திராகமம் 22, கத்தோலிக்கருக்கு விடுதலைப் பயணம்: மாட்டைத் திருடி அறுத்தாலோ விற்றாலோ ஒன்றுக்கு ஐந்து, ஆட்டுக்கு நான்கு. திருடியது உயிரோடு கையில் இருந்தால் இரட்டிப்பு. சிறை என்ற பேச்சே இல்லை. மாட்டுக்கு ஏன் ஐந்து என்று கேட்டதற்கு ரபி மேயிர் சொன்ன காரணம் ஏர் பிடித்தவனுக்குச் சட்டென்று விளங்கும்: மாடு போனால் உழவும் நின்றுபோகிறதே. யோகனான் பென் சக்காய் வேறொன்று சொல்கிறார். மாடு தானே நடந்து வந்துவிடும். ஆட்டைத் திருடியவன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடித் தன் மானத்தையும் இழந்தானே, ஒரு பங்கு குறைத்துக்கொள். திருடனுக்கும் மானம் உண்டு என்று எடுத்துக்கொண்டு கணக்கில் கழித்துக்கொடுத்த சட்டம் இது.

நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவன் சக்கேயு ‘நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன்’ என்றது இந்தப் பழக்கத்திலிருந்துதான். ஆண்டவர் அவனிடம் ‘அதெல்லாம் வேண்டாம், மன்னித்தாயிற்று’ என்று சொல்லவில்லையே. பாவசங்கீர்த்தனத்தில் திருட்டைச் சொன்னால் பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று உங்கள் மறைக்கல்வி ஏடும் சொல்கிறது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினால் கேபிளுக்கு யார் பொறுப்பு? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம்கூட இந்தப் பக்கம் ஓரடி வைத்திருக்கிறது: 5000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, முதல் முறை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறைக்குப் பதில் சமூக சேவை.

அந்தப் பையன் திரும்பி வந்தபோது நடந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள். திருவிழாவில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்க வந்தவனை, ‘நீ தள்ளிக்கோ’ என்று கமிட்டிக்காரர் கையைத் தட்டிவிட்டார். அவன் அம்மா அதிலிருந்து கோயிலில் கடைசித் தூணோரம்தான். உபாகமம் 25, இணைச்சட்டம் என்பீர்கள், நாற்பது அடிக்கு மேல் அடிக்காதே என்கிறது. உன் சகோதரன் உன் கண்ணில் இழிவாகிவிடக் கூடாதாம். ரபிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்: அடி வாங்கும்வரை அவனைத் துன்மார்க்கன் என்கிறாய், வாங்கி முடித்ததும் அவன் உன் சகோதரன். திருடிய உத்திரத்தை வைத்து ஒருவன் வீடே கட்டிவிட்டால், வீட்டை இடிக்கச் சொல்லாதே, விலையை வாங்கிக்கொள் என்றும் வைத்தார்கள். திருந்த வருகிறவனுக்கு வழியை அடைக்காதிருக்க. நம் சப்பரத்தின் மூங்கிலுக்கு அந்தப் பையன் தோள் ஆகாது என்றால், சிலுவையில் ஆண்டவர் பக்கத்தில் தொங்கி மனந்திரும்பிய ‘நல்ல கள்ளன்’ கதையைப் பெரிய வெள்ளியில் நாம் எதற்காக உருகி உருகிப் படிக்கிறோம்?

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் மலிவான மன்னிப்பு விற்பவனாகிவிடுவேன். 1968 டிசம்பர் 25 இரவு, நாம் குடில் கட்டிப் பாடிக்கொண்டிருந்த அதே இரவு, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாக நெல் கொஞ்சம் கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை 1973ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்த வழக்கில் முதல் குற்றஞ்சாட்டப்பட்டவராக இருந்தவர் 1980ல் வெட்டிக் கொல்லப்பட்டார். ‘மன்னியுங்கள்’ என்று வெண்மணியில் போய்ச் சொல்ல யாருக்கு வாய் வரும்? யூதர் இதில் கறாராக இருக்கிறார்கள். மனிதனுக்கு எதிராகச் செய்த குற்றத்தை, ஆண்டுக்கொருமுறை நோன்பிருந்து மன்னிப்புக் கேட்கும் பாவப்பரிகார நாள்கூடப் போக்காது, பாதிக்கப்பட்டவனைச் சமாதானம் செய்யும்வரை. ஒடிசாவில் பணிசெய்த ஆஸ்திரேலிய மிஷனரியின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் 1999ல் கணவனையும் இரண்டு மகன்களையும் தீயில் பறிகொடுத்துவிட்டு மன்னித்தேன் என்றார். அது அவர் சொல்லவேண்டிய சொல், அவர் சொன்னார். பாதிக்கப்படாதவர்கள் பலிபீடத்தில் நின்று அடுத்தவர் காயத்துக்கு மன்னிப்பு வழங்குவதும், வாட்ஸ்அப்பில் அடுத்தவர் எலும்புக்குக் கைதட்டுவதும் எனக்கு ஒரே ஜாதியாகத்தான் தெரிகிறது.

கேட்பது அதிகமில்லை. அடுத்த தவக்காலத்தில் யூதரைத் திட்டாமல் ஒரு பிரசங்கம். மாவுக்கட்டுப் படம் வந்தால் குழு அட்மின் அதை நீக்கட்டும். பங்கில் ஒரு திருட்டு நடந்தால் பேரவை முதலில் பறிகொடுத்தவர் வீட்டுக்குப் போய்க் கணக்கெடுக்கட்டும்; பையன் குடும்பத்தோடு உட்கார்ந்து தவணை போட்டாவது அதை அடைக்க வழி பார்க்கட்டும். நம் விவசாயி கிறிஸ்தவர் இல்லை, அதனால் என்ன? ‘சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்’ என்ற வசனத்துக்குத் திருச்சி மத்தியச் சிறை வரை போகவேண்டியதில்லை, பக்கத்துக் கிளைச்சிறை போதும். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களும் உண்டு. திருவிழா பட்ஜெட்டில் வாணவேடிக்கைக்கு வைக்கிற தொகையில் பாதியை இவர்களுக்கென்று தனிக்கணக்கில் போடலாம். மனு எழுத, கோர்ட்டுக்கு நடக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். வேடிக்கைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பேரவையில் முடிவெடுத்துச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்