மண்டபத்தில் கேட்ட எங்கட ஊர்ப் பெயர்

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்பா, அம்மம்மா, தங்கச்சி எல்லாரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உங்கட கடிதமும் பார்சலும் வியாழக்கிழமை கைக்கு வந்தன. "போனில் சுகம் என்று ஒரு சொல் போட்டால் போதுமா, கையால் எழுதி எத்தனை மாதம்?" என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து மாதம் அம்மா. எழுதாமல் விட்டது என்ர பிழைதான். அதை வாசித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

கிளியக்காவின் மகன் விடியக்காலமை வந்து இறங்கினார். சாங்கி விமான நிலையத்துக்குப் போய்ப் பார்சலை வாங்கினேன். வகுப்பு முடிந்த கையோடு எங்கட பள்ளியில் பெரிய கூட்டம் இருந்தபடியால் வீட்டுக்குப் போக நேரமில்லை. அதையும் தூக்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். பேச வந்தவர்கள் இரண்டு பேர். இங்கே கனகாலம் அமைச்சராக இருந்தவர் ஒருவர், ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டுக்குப் பிரதமராக இருந்தவர் மற்றவர். படம் தங்கச்சியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்பா முகத்தைக் கண்டதும் பெயரைச் சொல்லிவிடுவார்.

வாசலில் எல்லாருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். என்ர பையைத் திறந்த காவலாளி அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் ஐயா. நீங்கள் எங்கட ஊர் உதயன் பேப்பரில் சுற்றி, சணல் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்த போத்தலை அவர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். மூடியைத் திறந்ததும் வறுத்த தூள் வாசம் அந்த இடமெல்லாம் பரவியது. வரிசையில் நின்ற சீனப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேப்பரை வாசித்துவிட்டு, "யாழ்ப்பாணமா?" என்று கேட்டார். பிறகு கயிற்றைப் பழையபடி மூன்று முடிச்சுப் போட்டே கட்டித் தந்தார். அம்மா, எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. தூள் காரம் என்று அவர் நினைத்திருப்பார்.

மண்டபத்துக் குளிர் உங்களுக்குச் சொன்னால் விளங்காது. வெளியில் வேர்த்து ஒழுகும். உள்ளே போனால் மார்கழி விடியலில் தோய்ந்த தலையோடு திருவெம்பாவைக்குப் போனது மாதிரி. உங்கட சாம்பல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பையை மடியில் வைத்து இருந்தேன்.

பெரிய நாடுகளுக்கு நடுவே சின்ன நாடுகள் எப்படித் தலை நிமிர்ந்து நிற்கிறது என்பதுதான் பேச்சு. ஐரோப்பாக்காரர் நன்றாகத்தான் பேசினார், ஆனால் புத்தகத்தில் படித்ததுதான் கூட. இந்த நாட்டவர் எழும்பின பிறகுதான் நான் நிமிர்ந்து இருந்தேன். 1965 ஆகஸ்ட் 9ஆம் திகதி இது தனி நாடானது. செப்டம்பர் 21ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபையில் சேர்த்துக்கொண்டார்கள். அன்று அங்கே இந்த நாட்டுக்காகப் பேசியவர் முதல் வெளியுறவு அமைச்சர் சின்னத்தம்பி இராஜரத்தினம். இதைச் சொல்லிவிட்டு, "அவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில், வட்டுக்கோட்டையில்" என்றார்.

எங்கட ஊர்ப் பெயரை அந்தப் பெரிய மண்டபத்தில், ஒலிபெருக்கியில், முன்னூறு பேருக்கு நடுவே கேட்டேன் அம்மா. வட்டுக்கோட்டை என்றால் எங்கட சனம் தமிழருக்குத் தனிநாடு கேட்ட 1976ஆம் ஆண்டுத் தீர்மானத்தைச் சொல்லும், இல்லாவிட்டால் யாழ்ப்பாணக் கல்லூரியைச் சொல்லும். 1915இல் அங்கே பிறந்து, மலாயாவில் சிரம்பானில் வளர்ந்து, இன்னொரு நாட்டைக் கட்டின ஒருவரைப் பற்றி எனக்குச் சின்ன வயதில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. இங்கே பள்ளிப் பிள்ளைகள் தினமும் சொல்கிற உறுதிமொழியை 1966இல் எழுதினவரும் அவர்தான். இனம், மொழி, மதம் பாராமல் ஒரே மக்களாக இருப்போம் என்பது அதன் சாரம். எங்கட நாட்டில் சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்து பத்து வருடத்தில் எழுதினது.

லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவராம். இரண்டாம் உலக யுத்தம் வந்து வீட்டுக் காசு நின்றுபோக, படிப்பை முடிக்காமல் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்திருக்கிறார். அதைக் கேட்டபோது நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது. என்னை நினைத்து நீங்கள் யோசிக்க வேண்டாம், எனக்குக் காசுக் கஷ்டம் இல்லை. நூலகத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு மாணவர்கள் பாடம் நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 16 மணித்தியாலம் மட்டும் செய்யலாம் என்பது சட்டம், அதுவே போதும். நீங்கள் அனுப்பின தூள் தை வரைக்கும் காணும். சுடுசோற்றில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு அந்தத் தூளைப் போட்டுக் குழைத்தால் வேறு கறியே தேவையில்லை.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். நானும் வட்டுக்கோட்டை என்று சொன்னபோது குரல் நடுங்கியது. உறுதிமொழியை எழுதிவிடலாம், அதைச் சனம் வாழ்கிற வாழ்க்கையாக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் வீட்டைப் பற்றிச் சொன்னார். அரசாங்க அடுக்குமாடி ஒவ்வொன்றிலும் எந்த இனமும் ஓர் அளவுக்கு மேல் சேர முடியாதபடி 1989 முதல் விதி இருக்கிறது. ஒரே கட்டடத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று கலந்துதான் இருக்க வேண்டும். இதில் இடைஞ்சலும் உண்டு. எங்கட வீட்டுக்கார அங்கிள் வீட்டை விற்க நினைத்தாலும் இன அளவு பார்த்துத்தான் ஆள் தேட வேண்டும் என்று குறைப்படுவார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் எனக்குப் பக்கத்து வீட்டுச் சீன ஆச்சி கிடைத்திருக்க மாட்டா. அவவுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அவவின் பாஷை தெரியாது. இரவு பிந்தி வந்தால் கதவைத் திறந்து கையை ஆட்டி ஏசுவா. போன மாதம், இறந்தவர்களுக்கென்று கீழே தகரத்தில் காகிதக் காசு எரித்தா; என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினா. நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கீரிமலையில் ஆடி அமாவாசைக்கு அம்மம்மாவின் ஈரச் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அன்றிரவு நித்திரையே வரவில்லை. எனக்கு வீட்டுக்கு வர வேணும் போல இருக்கிறது அம்மா. முற்றத்தில் பாயைப் போட்டு உங்களுக்குப் பக்கத்தில் படுக்க வேணும். தைப்பொங்கலுக்கு வர இயலாது, பாடம் கூட. சித்திரைக்குப் பார்ப்போம்.

சின்ன மாமா கிழக்கு வளவுக்கு ஆள் கொண்டுவந்ததாக எழுதியிருந்தீர்கள். என்ர படிப்புக்காக என்றால் விற்க வேண்டாம், என்ர பெயரைச் சொல்லி ஒரு கடதாசியிலும் அப்பா கையெழுத்து வைக்க வேண்டாம். அது தங்கச்சிக்கு உரிய காணி. பின் வேலி விழுந்து கிடக்கிறது என்றால் மாரிக்கு முன்னம் கிளுவைக் கதியால் போடுங்கோ, மழையோடு பிடித்துவிடும். வேலி இல்லாத வளவைக் கண்டால்தான் ஆட்கள் விலை கேட்டு வருவார்கள். காப்பு அடைவின் தவணை கார்த்திகையில் முடிகிறது. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கோ, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவின் கண்ணை இனியும் தள்ளிப்போட வேண்டாம். இடக்கண்ணையாவது இந்த மாதம் காட்டச் சொல்லுங்கோ. தங்கச்சி ஏ.எல். (உயர்தர) சோதனை முடியும் மட்டும் கல்யாண வீடுகளுக்குப் போக வேண்டாம், சின்ன மாமி கோவித்தாலும் பரவாயில்லை.

அம்மம்மாவுக்கு இந்தக் கடிதத்துக்குள் ஒரு காசு வைத்திருக்கிறேன். அதில் சிங்கப்பூர் என்று தமிழிலும் எழுதியிருக்கிறது, கண்ணாடி போட்டு வாசிக்கச் சொல்லுங்கோ. கிளியக்காவின் மகன் ஒக்டோபர் கடைசியில் திரும்பிப் போகிறார். உங்கட முழங்காலுக்குத் தைலமும் கழுவின போத்தலும் அவரிடம் கொடுத்துவிடுவேன். இந்த முறை தூளில் உறைப்புக் குறைவு. அடுத்த முறை செத்தல் மிளகாய் கொஞ்சம் கூடப் போடுங்கோ.

அன்பு மகள்