தெளிவான நாட்கள்

அன்புள்ள வேணு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்குமென நம்புகிறேன். எட்டு மாத மௌனத்துக்கான வசவை நேரில் பெற்றுக்கொள்கிறேன். இப்போது நான் பட்ட அவமானத்தைக் கேள்.

ஒரு நிறுவனத்தார் தங்கள் பொதுக்கூட்ட அறிவிப்பைத் தமிழாக்கித் தருமாறு கேட்டிருந்தார்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி குறைந்தது 21 ‘கிளியர்’ நாட்களுக்கு முன்னதாக அறிவிப்புத் தரவேண்டும் என்றிருந்த வரியை, ஆங்கில ஆசிரியனாகவே தலை நரைத்தவன் என்ற மிதப்பில், ‘21 தெளிவான நாட்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த கணக்கர் அதைப் பென்சிலால் சுழித்து, ‘மழை நாட்களைக் கழித்துவிடலாமா, ஐயா?’ என்று ஓரத்தில் கேட்டிருந்தார். அறிவிப்புக் கிடைத்த நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் விட்டுவிட்டு இடையிலுள்ள முழு நாட்களையே எண்ண வேண்டும் என்பதுதான் அதன் பொருள். மார்ச் 1 அன்று அறிவிப்புக் கிடைத்தால் 23ஆம் தேதிக்கு முன் கூட்டம் கூடாது.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. மேகமில்லாத வானம், செலவு போக நிற்கும் நிகர லாபம், உறுத்தலில்லாத மனச்சாட்சி என எங்கு பார்த்தாலும் ஏதோ ஒன்று அகன்றுவிட்டதையே ஆங்கிலேயன் அச்சொல்லால் குறிக்கிறான். நம் ‘தெளிவு’ அப்படியன்று. மயக்கம் தெளிகிறது, போதை தெளிகிறது. முன்பு கலங்கியிருந்தது என்ற நினைவு அச்சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. பாட்டி பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு ஆற்றுநீரை ஊற்றி வைப்பாளே, மறுநாள் காலையில் நீர் தெளிந்திருக்குமே தவிர, சேறு எங்கும் போயிருக்காது, அடியில்தான் படிந்திருக்கும். குரலுக்கோ இவை இரண்டுமே பொருந்துவதில்லை. நம் தமிழய்யாவின் குரலைக் ‘கணீர்’ என்றல்லாமல் வேறெப்படிச் சொல்வது? (அந்தக் குரல் உன் பெயரை அழைத்த விதத்தை இங்கே எழுத மாட்டேன்.)

இத்தனை ஆண்டுகளாக ‘கிளியர் என்றால் தெளிவான’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு எத்தனை பிள்ளைகளைக் கெடுத்தேனோ என்று எண்ணினால் உறக்கம் வரவில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. உன் மருமகள் வாங்கவிருந்த மனையின் பத்திரத்தில் ‘கிளியர் டைட்டில்’ என்று இருந்ததை, ‘தெளிவான தலைப்பு’ என்று தமிழாக்கி உனக்கு அனுப்பினேன் அல்லவா? ‘வில்லங்கமற்ற உரிமை’ என்று இருந்திருக்க வேண்டும். அந்தத் தாளை யாரிடமும் காட்டாமல் கிழித்துவிடு. முதலில் வில்லங்கச் சான்றிதழை வாங்கிப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
இராமு