தனிப் பயணிக்குப் பூங்காக்களே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லண்டனுக்குத் தனியாகச் செல்வோருக்கு வழிகாட்டுபவர்கள் கோபுரங்களையும் அருங்காட்சியகங்களையும் அடுக்குகிறார்களே தவிர, நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாள் வாய்த்தால் அதைப் பூங்காக்களுக்கென்றே ஒதுக்கலாம் என்று சொல்வது அரிது. செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் தொடங்கி, கிரீன் பூங்கா, ஹைட் பூங்கா வழியாகக் கென்சிங்டன் தோட்டம் வரை, இடையில் சில சாலைகளை மட்டும் கடந்து, பெரும்பாலும் பசுமைக்குள்ளேயே நடந்துவிடலாம். நுழைவுக் கட்டணமும் இல்லை. 1664-இல் ரஷ்யத் தூதர் மன்னருக்குக் கூழைக்கடாக்களை அன்பளிப்பாக அளித்த மரபு தொடர, இன்றும் அப்பறவைகள் செயின்ட் ஜேம்ஸ் ஏரியில் உலவுகின்றன. கரையில் அமர்ந்து அவற்றைப் பார்த்திருப்பது, அருகிலுள்ள அரண்மனையின் காவல் மாற்றத்தைக் கூட்டத்தில் எக்கிப் பார்ப்பதைவிட மேலானது என்பது என் கருத்து. ஹைட் பூங்காவின் செர்பென்டைன் ஏரியோ இயற்கையானதன்று. 1730-களில், அரசி கரோலினின் விருப்பப்படி, வெஸ்ட்போர்ன் என்னும் சிற்றாற்றைத் தேக்கி உருவாக்கப்பட்டது. அங்குள்ள சாய்வு நாற்காலிகளுக்கு வாடகை உண்டு (புல்வெளிக்கு இல்லை). உணவகத்தில் தனியே அமரக் கூசுபவர்கள்கூட இங்கே எவ்வளவு நேரமும் இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் இத்தகைய நடைவழிகளை வரைபடத்துடன் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்