உலர்ந்த மரம் என்று வந்த ஈர மரமும் வகை தெரியாத பசையும்: கிடார் மரப்பொருள் விற்கும் நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்:
கிடார் செய்பவர், பழுது பார்ப்பவர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: எலெக்ட்ரிக் கிடார் செய்வதற்கான தொகுப்பில் வந்த மரம், பசை, ரம்பம் ஆகியவற்றின் குறைபாடு, தங்கள் பதிலை ஏற்க இயலாமை, பணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

நெக் எனப்படும் நீண்ட கழுத்துப் பகுதியைப் பசையிட்டு உடலோடு பொருத்தும் வகை எலெக்ட்ரிக் கிடார் ஒன்றைச் செய்வதற்கான முழுத் தொகுப்பையும், அதனுடன் கூடுதலாக ஒரு மகோகனி நெக் பலகையையும் தங்களிடம் வாங்கினேன். எங்கள் பகுதித் தேவாலயத்தில் வாசிக்கும் இளைஞர் ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் செய்யச் சொன்ன கிடார் அது. ரயில்வே தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த பெரம்பூரில் கிடார் தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய வாத்தியம். வாசிப்பவரும் கேட்பவரும் அதன் சுருதியில் சிறு பிசகையும் பொறுக்க மாட்டார்கள். ஆகவே இதை ஒரு பொருளின் விலை பற்றிய புகாராக மட்டும் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் மரம். பலகையின் மேல் ஒட்டியிருந்த சீட்டிலும் விலைப்பட்டியலிலும் 'சூளையில் உலர்த்தியது, ஈரப்பதம் 8 சதவீதம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பிச் செய்த நெக், கம்பி பூட்டிய சில வாரங்களில் முறுக்கிக்கொண்டது. நெக்கின் உள்ளே செல்லும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு முன்பின்னாக வளைவதைத்தான் சரிசெய்யும், முறுக்கை எடுக்காது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நெக்கின் மேல் ஒட்டப்படும், விரல் வைத்து வாசிக்கும் ஈட்டி மரப் பலகையான ஃபிங்கர்போர்டும் காயக் காய அகலத்தில் சுருங்கியதால், அதில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளின் முனைகள் இரு ஓரங்களிலும் வெளியே நீட்டிக் கையைக் கீறுகின்றன. கூடுதலாக வாங்கிய நெக் பலகை, முனைகளில் மெழுகு பூசி பிளாஸ்டிக் உறையில் சுற்றி வந்தபடியே பிரிக்கப்படாமல் இருந்தது. அதை வால்டாக்ஸ் சாலையில் உள்ள மரவாடி ஒன்றுக்கு எடுத்துச் சென்று, அங்கேயே உறையைப் பிரித்து, புதிதாகச் சீவிய பரப்பில் ஈரப்பத மானியால் அளந்தபோது 19 சதவீதம் காட்டியது. அளந்தபோது எடுத்த படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

'கடலோர ஊரின் ஈரக்காற்றே காரணம், பராமரிப்புக் குறைவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று தாங்கள் எழுதிய பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. காற்றின் ஈரப்பதம் எழுபது, எழுபத்தைந்து சதவீதமாக இருக்கும் இடத்தில் திறந்து வைத்த மரம், எவ்வளவு காலம் கிடந்தாலும், ஏறத்தாழ 13 அல்லது 14 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். அதற்கு மேல் ஏற வேண்டுமானால் காற்று அதைவிடவும் ஈரமாக இருக்க வேண்டும் அல்லது மரம் நனைய வேண்டும். உறைக்குள் இருந்த பலகைக்கோ இந்த ஊர்க் காற்றே படவில்லை. அந்த 19 சதவீதம் தங்கள் கிடங்கிலிருந்து புறப்பட்டபோதே அதனுள் இருந்த ஈரம். வட சென்னையில் காற்று எப்படி இருக்கும் என்பதை அறிந்துதான் உலர்ந்த மரத்துக்கு உரிய கூடுதல் விலையைக் கொடுத்தேன்.

அடுத்தது பசை. போத்தலின் மேல் 'மரப் பசை' என்பதைத் தவிர எதுவும் இல்லை. எந்த இனம், எவ்வளவு வெப்பம் தாங்கும் என்ற விவரம் போத்தலிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. கையேடு எல்லா இணைப்புகளுக்கும் இதையே பயன்படுத்தச் சொல்கிறது. அதன் நிறமும் காய்ந்தபின் உள்ள நெகிழ்வும் அது சாதாரண பாலிவினைல் அசிடேட் வெள்ளைப் பசை என்றே காட்டுகின்றன. நாற்காலிக்கும் அலமாரிக்கும் அது நல்ல பசைதான். ஆனால் வெப்பத்தில் இளகுவதும், இடைவிடாத இழுப்பில் மெல்ல நழுவுவதும் அதன் இயல்பு. கிடாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இரவும் பகலும் நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. 1950-இல் அமெரிக்கக் கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிடார்களைப் போல நெக்கைத் திருகாணியால் பூட்டியிருந்தால் பாரத்தைத் திருகாணி ஏற்கும், கோணல் வந்தாலும் கழற்றிச் சரிசெய்யலாம். 1952-இல் வந்த கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வகையைப் போலப் பசையிட்டுப் பொருத்தும்போது அந்தப் பாரத்தில் பெரும்பகுதியைப் பசைக்கோடே தாங்க வேண்டும். சித்திரை வெயிலில் என் பட்டறையில், 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் வாசிக்கும் கம்பி நிற்கும் உயரம் 1.8 மில்லிமீட்டரிலிருந்து 3.5 மில்லிமீட்டராக உயர்ந்தது. நெக்கின் அடியில் இணைப்பு நூலளவு திறந்திருக்கிறது. உள்ளே பசை உடையாமல் இழையாக இழுபட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. நீர் கலந்த பசை காய்வதற்கு அதன் நீரை மரம் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த மரத்தில் அதுவும் சரிவர நடக்கவில்லை.

இந்த இணைப்புக்குக் காய்ந்தபின் கெட்டியாகும் மஞ்சள் நிற அலிஃபாட்டிக் ரெசின் பசையைத் தந்திருக்கலாம். பழைய தச்சர்கள் சுமார் 60 டிகிரி சூட்டில் உருக்கிப் பூசும் விலங்குப் பசையான வஜ்ஜிரமும் ஏற்றதே. மிகுந்த ஈரத்தில் அது வலுவிழக்கும் என்றாலும், இழுப்பில் நழுவாது, பின்னாளில் ஆவி காட்டிப் பிரிக்கவும் முடியும். எதைத் தருவது என்பது தங்கள் முடிவு. தருவது இன்னது என்று எழுதாமல் விடுவதைத்தான் குறையாகச் சொல்கிறேன். எண்ணெய்ப்பசை கொண்ட ஈட்டி மரத்தை ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்க வேண்டும் என்ற ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை; முதன்முறை செய்பவர் இதை எங்கிருந்து அறிந்துகொள்வார்?

அடுத்து, ஃப்ரெட்டைப் பதிக்கும் பிளவுகளை அறுக்கத் தொகுப்பில் வந்த ரம்பத்தின் பற்கள் அதிகமாக விரிக்கப்பட்டிருப்பதால், கழிவுத் துண்டில் அறுத்துப் பார்த்தபோது 0.8 மில்லிமீட்டர் வெட்டு விழுந்தது. பிளவுக்குள் இறங்கும் ஃப்ரெட்டின் அடித்தகடு சுமார் 0.5 மில்லிமீட்டரே என்பதால் அந்தப் பிளவில் அது பிடித்து நிற்காது. எனவே ஃபிங்கர்போர்டை என் சொந்த ரம்பத்தால் அறுத்தேன்.

தொகுப்பின் விலை, கூடுதல் பலகையின் விலை, அனுப்பும் செலவு ஆகியவற்றை 30 நாட்களுக்குள் திருப்பித் தருமாறும், இனி அனுப்பும் ஒவ்வொரு பலகையிலும் அளந்து பார்த்த ஈரப்பதத்தையும் ஒவ்வொரு பசைப் போத்தலிலும் அதன் வகையையும் வெப்ப வரம்பையும் அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இல்லாத தரத்தை இருப்பதாகக் கூறி விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். தகுந்த பதில் வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். முறுக்கிய நெக், இரண்டாவது பலகை, மீதிப் பசை, ரம்பம் ஆகிய அனைத்தையும் தங்கள் பிரதிநிதி நேரில் ஆய்வு செய்வதற்காக அப்படியே வைத்திருக்கிறேன்; வரும் நாளை முன்கூட்டித் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர்.